குருவி எந்தப் பக்கம் பார்க்கிறது

ஏலக்கூடத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் நான் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும், "பூதக்கண்ணாடி வருது, மேசையைத் துடை" என்று கிசுகிசுப்பது என் காதில் நன்றாகவே விழும். கண் கூர்மையாக இருந்தால் காது மந்தமாக இருக்கும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

பழைய வெள்ளிச் சாமான்களின் அடிப்பாகத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. மேல்பாகத்தைப் பார்த்து மயங்குவதற்கு உலகத்தில் ஆள் நிறைய இருக்கிறார்கள். அடியில்தான் செய்தவர் அடித்த முத்திரை இருக்கும். அரிசி அளவுக்கு ஓர் எழுத்தோ, பூவோ, மிருகமோ. பக்கத்திலேயே வெள்ளியின் தரத்தைச் சொல்லும் எண். இரண்டையும் படித்துவிட்டால் எந்தப் பட்டறை, ஏறக்குறைய எந்தக் காலம், அசலா போலியா என்று சொல்லிவிடலாம். எதைக் கையில் கொடுத்தாலும் கவிழ்த்துப் பார்ப்பது எனக்கு வியாதியாகவே ஆகிவிட்டது. விருந்துக்குப் போன ஒரு வீட்டில் சூப் இருந்த கிண்ணத்தை நான் கவிழ்க்கப் போக, என் கணவர் பாய்ந்து கையைப் பிடித்த கதை எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக, சாமான் இன்னதுதான் என்று உறுதிசெய்து சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கையெழுத்தை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை.

அன்று காலை ஒரு தையல்காரம்மா வந்தார். கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும், அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வயது அறுபதைத் தொடும். துணிப்பையிலிருந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். வைத்த விதத்தில் அதன்மேல் அவருக்குப் பாசம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

"இது எங்கம்மாவோட கிண்ணம் இல்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வருகிறவர்கள் எல்லோருக்கும் தங்கள் சாமான் அசல் என்றுதான் சீட்டு வேண்டும். இல்லை என்று எழுதச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்தான்.

"என்ன விஷயம்னு சொல்லுங்கம்மா, உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். சொன்னார். அம்மா உயிரோடு இருந்தபோது வீட்டு வெள்ளிச் சாமான் முப்பத்தொன்றுக்கும் ஒரு பட்டியல் எடுத்து வைத்திருந்தாராம், ஒவ்வொன்றின் முத்திரையையும் படமாக வரைந்து. இந்தக் கிண்ணத்தின் அடிவளையம் ஒரு தடவை கழன்றுபோனது. ஒட்டவைத்துக் கொண்டுவருகிறேன் என்று தங்கை எடுத்துப் போனாள். நான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். அடுத்த சில மாதங்களில் அம்மா போய்ச்சேர்ந்துவிட்டார். சாமான்களைப் பிரித்துக்கொள்ள உட்கார்ந்தபோது பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்கள். முப்பது சரியாக இருந்தது. கிண்ணம் மட்டும் இடித்தது.

"பட்டியல்ல குருவி வலப்பக்கம் பாக்குது. இதுல இடப்பக்கம் பாக்குது. ரெண்டும் வேற வேற பட்டறைன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அசலை எவன்கிட்டயோ குடுத்துட்டு இதைக் கொண்டாந்து வச்சுட்டா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மாத்தலைன்னா. மாத்தினவ மாத்தினேன்னா சொல்லுவா?" என்று அளவு நாடாவை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "என் கடையில அளவு நோட்டுதாம்மா எல்லாம். வர்றவங்க எல்லாருமே 'நான் இளைச்சுட்டேன்'னுதான் சொல்வாங்க. நாடா வேற சொல்லும். வாயை நம்பினா துணி போச்சு. பதினோரு வருஷமா அவகூடப் பேச்சுவார்த்தை இல்ல. இப்ப என் பொண்ணு, எனக்கு அறுபது முடியுறப்ப நம்ம வீட்டுல சித்தியும் இருந்தே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. நீங்க ஒரு சீட்டு எழுதினா அவ வாய் அடைபடும்."

பட்டியலை நீட்டினார். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அது என் கையெழுத்து. இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் நான் வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியல்களில் ஒன்று. பெரிய ஜன்னல் இருந்த கூடமும், நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்ட அந்த அம்மாளும் லேசாக நினைவுக்கு வந்தார்கள். எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். முப்பத்தொன்று முத்திரை, ஒவ்வொன்றும் கட்டை விரல் அளவுக்குப் பெரிதாக்கி, கோடு பிசகாமல்.

குருவி முத்திரையை எனக்கு நன்றாகத் தெரியும். அது அண்ணன் தம்பி இருவர் நடத்திய பட்டறை. பிறகு சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அண்ணன் வலப்பக்கம் பார்க்கும் குருவியை வைத்துக்கொண்டார். தம்பி வேறு முத்திரை தேடச் சோம்பல்பட்டோ, அண்ணனை வெறுப்பேற்றவோ, அதே குருவியை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். ஆகவே தையல்காரம்மா விசாரித்தது சரிதான். வலம் ஒரு பட்டறை, இடம் ஒரு பட்டறை. ஒன்று இன்னொன்றாக மாறாது.

கிண்ணத்தைக் கவிழ்த்து லென்ஸை வைத்தேன். குருவி இடப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டியலில் வலப்பக்கம். பார்க்க வேண்டியது அவ்வளவுதான் என்று நினைத்தேன். சீட்டுப் புத்தகத்தைத் திறந்து, தேதி போட்டு, "மேற்படி பட்டியலில் கண்ட கிண்ணமும் இதுவும்" என்பது வரைக்கும் எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு வார்த்தை எழுதினால் ஒரு பெண் திருடி என்பது என் கையெழுத்தோடு உறுதியாகியிருக்கும்.

குருவியைச் சுற்றிக் கட்டம் போட்டிருக்குமே, அதில் மேல் மூலை உடைந்திருந்ததா என்று எழுதுவதற்காகத்தான் திரும்பவும் லென்ஸை எடுத்தேன். அச்சு பழசானால் மூலை உடையும், உடைந்த மூலை அப்படியே வெள்ளியில் விழும். கிண்ணத்தில் இடது மேல் மூலை உடைந்திருந்தது. பட்டியலில் வலது மேல் மூலை. கிண்ணத்தில் வால் பக்கத்தில் பொடிசாக ஒரு கீறல். பட்டியலில் அதே கீறல், எதிர்ப்பக்கம். கிண்ணத்தில் முத்திரை ஒரு மயிரிழை இடது சாய்வு. பட்டியலில் ஒரு மயிரிழை வலது சாய்வு.

அண்ணன் அச்சும் தம்பி அச்சும் தனித்தனியாகத் தேய்ந்து, தனித்தனியாக உடைந்து, கண்ணாடியில் பார்த்தது போல இப்படி ஒத்துப்போகுமா? பேனாவை மூடினேன்.

"நாளைக்கு வாங்கம்மா. கிண்ணம் இங்கேயே இருக்கட்டும்."

"இதுல பாக்க என்ன இருக்கு? குருட்டுக் கண்ணுக்கே தெரியுதே."

"என் கண்ணுக்குக் கொஞ்சம் நேரம் வேணும்" என்றேன்.

என் கணவர் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர். ஏலக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு ஆளும் ஒரு மேசையும் ஒரு சுவர்க் கடிகாரமும் மட்டும் பிடிக்கும் கடை. எழுத்துகளைத் திருப்பிப்போட்டுச் செதுக்கிச் செதுக்கி, மனிதருக்கு நேரான எழுத்தைவிடத் திரும்பிய எழுத்துதான் வேகமாகப் படிக்க வரும். மதியச் சாப்பாட்டை எப்போதும் அவர் கடையில்தான் சாப்பிடுவேன். அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கிண்ணத்தையும் பட்டியலையும் அவர் முன்னால் வைத்தேன்.

எட்டிப் பார்த்தார். "ஒண்ணு ஸ்டாம்ப்பு, இன்னொண்ணு பேப்பர்" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"என்னங்க சொல்றீங்க?"

"அடப் பூதக்கண்ணாடி! ஒண்ணை அழுத்தினா இன்னொண்ணு வரும்னு சொல்றேன். அந்தக் காலத்துல எப்படி எடுத்த இந்தப் படமெல்லாம்?"

எப்படி எடுத்தேன்? இப்போதெல்லாம் முத்திரையின்மேல் மெழுகுவத்திப் புகையைப் படியவிட்டு, ஒளிபுகும் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டுவேன். இருக்கிறது இருக்கிறபடியே வரும். ஆனால் முதல் ஏழு மாதம் எனக்கு அந்த வழி தெரியாது. மெழுகு உருண்டையை முத்திரையில் அழுத்தி, டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்து வரைவேன். மெழுகில் எல்லாமே திரும்பித்தான் விழும். அது தெரியாத மக்கு இல்லை நான், வரையும்போது மனசுக்குள் திருப்பிக்கொள்வேன். எழுத்து திரும்பியிருந்தால் உடனே கண்ணில் குத்தும். எண்ணும் குத்தும். பூ எப்படித் திரும்பினாலும் பூதான். முப்பத்தொன்றில் இந்த ஒரே ஒரு குருவிதான், எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாகத் தெரிவது. நான் திருப்ப மறந்ததை அது காட்டிக்கொடுக்கவே இல்லை.

"மெழுகுலதான்" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். "இருபத்தெட்டு வருஷமா ரப்பர் ஸ்டாம்ப்காரன்கூடக் குடும்பம் நடத்துற! வெளிய சொல்லிடாத, என் கடைப் பேரும் சேந்து போயிடும்."

"அந்த மெழுகைக் குடுத்தது யாரு?"

"குடுத்தது நான்தான். குருவியைத் திருப்பாம விட்டது நான் இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் குருவியைத் திருப்பாமல் விட்டேன், அந்தப் பக்கம் ஓர் அக்காவும் தங்கையும் பதினோரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கிறார்கள். அவர் மேசையிலிருந்த ஒரு மெழுகு உருண்டையை எடுத்துக் கிண்ணத்தின் அடியில் அழுத்திப் பார்த்தேன். வலப்பக்கம் பார்க்கும் குருவி, வலது மூலை உடைந்து, வலது சாய்ந்து, என் பழைய படத்தை உரித்துவைத்தது போல எழுந்து நின்றது.

அப்போதுதான் என் புத்தி கோணலாக வேலை செய்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. "அந்தத் தம்பி பட்டறையில ரெண்டு பக்கத்துக்கும் அச்சு வச்சிருந்திருக்கலாம்னு எழுதிட்டா என்னங்க? கிண்ணம் மாறாமலும் இருந்திருக்கலாம்னு ஒரு வரி போட்டுடறேன். யாரு வந்து இல்லைன்னு சொல்லப் போறாங்க? என் பேரும் தப்பிச்சுடும்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "இருக்கலாம்னு எழுதினா, அந்தப் பொண்ணு திருடியும் இருக்கலாம்தானே?"

என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்திவிட்டு, பாதியில் நின்ற ஏதோ ஓர் அலுவலகத்து முத்திரையைச் செதுக்கத் தொடங்கிவிட்டார். இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததும் இதுதான், எரிச்சல் மூட்டுவதும் இதுதான். சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

சாயங்காலம் மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களேவா?" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அந்த ஏழு மாதப் பட்டியல்கள் பதினேழு இருக்கின்றன. அவற்றில் உள்ள பறவை, மிருகம் அத்தனையையும் நானே தேடிப்போய்ச் சரிபார்ப்பதாக எழுதிக் கொடுத்தேன். பிறகு என் மேசைக்கு வந்து ஒரு சீட்டு எழுதினேன். கிண்ணம் அதே கிண்ணம்தான், மாறவில்லை, மாற்றப்படவும் இல்லை, பட்டியலில் படத்தைத் திருப்பி வரைந்தது என் பிழை, என்று. இரண்டு பக்கம், அளவுகளோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல். இதைவிடச் சுத்தமான சீட்டை நான் எழுதியதே இல்லை.

மறுநாள் தையல்காரம்மா வந்ததும் பேச்சை வளர்க்கவில்லை. மெழுகு உருண்டையை அவர் கையிலேயே கொடுத்து அழுத்தச் சொன்னேன். அழுத்தி எடுத்தார். லென்ஸ் வழியாகப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் மெழுகைப் பார்த்தார்.

"துணியை மடிக்காம வெட்டினா ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வந்துடுமே" என்று மெதுவாகச் சொன்னார். "அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதாம்மா. தப்பு என்னோடது. உங்க தங்கச்சி மாத்தவே இல்ல."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து, சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டிக்கொண்டே இருந்தார். "வாசல்ல வந்து நின்னா" என்றார். "அம்மா போய் ஒரு மாசம். அக்கா, சத்தியமா மாத்தலைக்கான்னு அழுதா. நான் கதவைச் சாத்திட்டேன்."

"வாங்க, போய்ச் சொல்லுவோம்" என்றேன்.

"நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கற முகத்தை வச்சுக்கிட்டு வாங்க. திட்டு விழுந்தா முதல்ல எனக்கு விழட்டும், நான் முன்னாடி நடக்கறேன்."

தங்கை பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். காலை நடை முடிந்து வண்டிகளைக் கழுவும் நேரம். பேருந்துக் கொட்டகையில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, மஞ்சள் வண்டியின் சக்கரத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் குழாயைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது.

நான் முன்னால் போய் நின்று, மெழுகு, குருவி, மூலை, சாய்வு என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே தங்கை கையைக் காட்டி நிறுத்தினார்.

"எப்படி ஆச்சுன்னு எனக்கு எதுக்கும்மா? நான் மாத்தலைன்னு எனக்குப் பதினோரு வருஷமாத் தெரியுமே."

நான் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"கை ஈரம்" என்றார். பிறகு குழாயை மூடிவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நான் வாயால சொன்னேன். நீ தாளை நம்பின. இன்னைக்கு வேற தாள் வந்திருக்கு, அதான் நீயும் வந்திருக்க. நாளைக்கு இன்னொரு தாள் வந்தா?"

அக்கா என் கையிலிருந்த சீட்டை வாங்கினார். படித்துக் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். நாலாக மடித்தார். துணி கிழிக்கிற பழக்கமோ என்னவோ, ஒரே இழுப்பில் நேராகக் கிழித்தார். கிழித்ததைச் சேர்த்து இன்னொரு தடவை கிழித்தார்.

"நீ மாத்தலை" என்றார். "நீ சொன்ன அன்னைக்கே நான் நம்பியிருக்கணும்டி."

நான் வண்டியின் பின்பக்கம் போய், அங்கே இருந்த டயரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே பிழையில்லாத சீட்டு, தண்ணீரில் நனைந்து சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சமும் வருத்தமாக இல்லை. மனசு நிறைந்துதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை கூப்பிட்டார். "கிண்ணத்தைக் கொண்டாந்திருக்கீங்களா? எங்க, அந்தக் குருவியைக் காட்டுங்க. இத்தனை வருஷமா அதனால பேரு கெட்டேன், ஒரு தடவைகூட நான் அதைப் பாத்ததில்ல."

கையைத் துடைத்துக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார். லென்ஸை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தேன். ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுவா குருவி? அக்கா, இது கோழி மாதிரில்ல இருக்கு!"

கோழியாவது! வாலின் நீளம், கொண்டை இல்லாத தலை, கால் மடங்கிய விதம் என்று அது குருவிதான் என்பதற்கு என்னிடம் ஆறு காரணம் இருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். அக்கா லென்ஸுக்குக் கையை நீட்டவில்லை. கிண்ணத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஈரப் படியில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ சொன்னா கோழிதான்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு, கிழிந்த தாளைப் பொறுக்கப் போனேன்.